பழைய மீன்பிடிப் படகு வாங்கும் முன்: அடிப்பாக வடிவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய படகு பார்க்கப் போகிறவர்களில் பலர் நேராக இன்ஜினிடம் போய் நிற்கிறார்கள். ஸ்டார்ட் செய்து சத்தம் கேட்கிறார்கள், எத்தனை மணி நேரம் ஓடியது என்று விசாரிக்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இன்ஜின் போனால் வேறு இன்ஜின் மாட்டலாம். ஒயரிங், பம்பு, தளம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொள்ளலாம். தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகம் எந்த வடிவத்தில் கட்டப்பட்டதோ, கடைசி வரைக்கும் அந்த வடிவம்தான். அதனால் இங்கே அடிப்பாகத்துக்குத்தான் முதலிடம். திறந்த சிறு படகுகளுக்கும், தளம் போட்ட பத்துப் பன்னிரண்டு மீட்டர் வரையிலான படகுகளுக்கும் இவை பொருந்தும்.

எந்த வடிவம் நல்லது?

எந்தத் தண்ணீர் என்று சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். ஏரி, காயல், ஆற்று முகத்துவாரம் என்றால் ஒரு பதில். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் காலையில் போய் மதியம் திரும்புவது என்றால் வேறு பதில். இரவு தங்கி வருகிற தூரம் என்றால் இன்னொன்று.

படகு பார்க்கக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தண்ணீரில் வழக்கமான அலை எவ்வளவு உயரம்? குட்டையாக அடுத்தடுத்து வருமா, நீண்டு வருமா? மீன் இருக்கும் இடம் எவ்வளவு தூரம்? அங்கே போன பிறகு படகு நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா? திரும்பும்போது எத்தனை ஆள், எவ்வளவு வலை, ஐஸ், மீன் ஏறியிருக்கும்? எவ்வளவு ஆழத்தில் கட்டிவைப்பீர்கள், கரையில் ஏற்ற வேண்டியிருக்குமா?

இதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வருடத்தின் மிக மோசமான நாளை மனதில் வைத்து வாங்குகிறவர்கள் தேவைக்கு மேல் கூர்மையான அடிப்பாகத்தை வாங்கிவிட்டு, எரிபொருளுக்குக் கொடுத்தே ஓய்ந்து போகிறார்கள். பத்து நாளில் எட்டு நாள் தண்ணீர் எப்படி இருக்குமோ அதற்கு ஏற்ற வடிவத்தைத் தேடுங்கள். மீதி இரண்டு நாள் கரையில் இருந்துவிடலாம்.

தட்டை அடிப்பாகம் ஆபத்தானதா?

அதற்குரிய தண்ணீரில் அதைப் போல் வசதியான படகு கிடையாது. முழங்கால் ஆழத்திலும் மிதக்கும், சின்ன இன்ஜினிலேயே ஓடும், நிற்கும் படகில் ஒருவர் எழுந்து ஓரத்துக்குப் போனாலும் அதிகம் சாயாது. கட்டுவது எளிது என்பதால் பழையதில் பழுதுபார்ப்பதும் எளிது.

அலை வந்தால்தான் தொல்லை. தட்டையான பரப்பு அலையைக் கிழிக்காது, அதன் மேல் போய் அறையும். ஒவ்வொரு அறையும் இடுப்புக்கும் ஏறும், படகின் இணைப்புகளுக்கும் ஏறும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தட்டைப் படகு முதலில் காட்டும் உறுதி ஓர் அளவுக்குத்தான். அந்த அளவைத் தாண்டிச் சாய்ந்தால் மீண்டு வராமல் சட்டென்று கவிழும், அதுவும் பக்கங்கள் தாழ்ந்த படகாக இருந்தால் முன்னறிவிப்பே இருக்காது. பக்கங்கள் வெளிப்புறமாக நன்றாக விரிந்த தட்டைப் படகு இதற்கு நேர்மாறு. காலியாக இருக்கும்போது ஆடும், சுமை ஏற ஏற அகலமான பகுதி தண்ணீருக்குள் இறங்கி உறுதியாகும். வெறும் படகில் ஏறி நின்று பார்த்து, ‘ஆடுகிறது, வேண்டாம்’ என்று இந்த வகையை ஒதுக்கிவிடாதீர்கள்.

வி வடிவத்தில் எவ்வளவு சாய்வு வேண்டும்?

அடிப்பாகம் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் மேலே ஏறுகிற கோணத்தைத்தான் சாய்வு என்கிறோம். அதைப் பின்பலகையை, அதாவது படகின் பின்முனையை மூடும் பலகையை, ஒட்டி அளப்பது வழக்கம். முன்பக்கம் எல்லா வி படகும் கூர்மையாகவே இருக்கும், அதை வைத்து ஏமாறக்கூடாது. வேகமாக ஓடும்போது முன்பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழுந்துவிடும். அலையை வாங்குவது நடுப்பகுதியும் பின்பகுதியும்தான்.

தோராயமாகச் சொன்னால் பின்பலகையில் 12 முதல் 18 டிகிரி வரை இருப்பது மிதமான வி. 21 முதல் 24 டிகிரி வரை ஆழமான வி. ஆழமான வி பின்பலகை வரை ஏறக்குறைய அதே கோணத்தில் வருவது ரே ஹன்ட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் பிரபலமாக்கிய முறை. அவர் வரைந்த மோப்பி என்ற படகு 1960-இல் கொந்தளித்த கடலில் நடந்த மியாமி–நாசோ பந்தயத்தை வென்ற பிறகுதான் உலகமெங்கும் இந்த வடிவம் பரவியது.

கோணம் கூடக் கூட அலையில் மெதுவாக இறங்கும். அதற்கு விலையும் உண்டு. அதே எடையைத் தூக்க அதிக குதிரைத்திறன் வேண்டும், தண்ணீருக்குள் அதிகம் அமிழும், நின்றிருக்கும்போது இரண்டு பக்கமும் ஆடும். தூண்டில் போட்டு மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருப்பவருக்கு இந்த ஆட்டம் பெரிய தலைவலி. பாதி நாள் ஓட்டம், பாதி நாள் நின்று பிடிப்பது என்றால் 15 முதல் 18 டிகிரிக்குள் தேடச் சொல்வேன்.

விற்பவரிடம் கோணம் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நீங்களே அளந்துவிடலாம். படகு கரையில் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது, பின்பலகையின் அடியில் நடுக்கோட்டைத் தொடுமாறு ஒரு நேரான சட்டத்தை ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடியுங்கள். நடுவிலிருந்து சட்டத்தில் 50 சென்டிமீட்டர் தள்ளி, அங்கிருந்து நேர் மேலே அடிப்பாகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளங்கள். ஏறக்குறைய 10 அல்லது 11 சென்டிமீட்டர் வந்தால் 12 டிகிரி. 13-க்குச் சற்று மேல் வந்தால் 15. 18 வந்தால் 20 டிகிரி. 22 வந்தால் 24 டிகிரி. செல்பேசியில் சாய்வு காட்டும் செயலி இருந்தால் நேராக அடிப்பாகத்தில் ஒட்டிவைத்தும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் அளங்கள். வித்தியாசம் இருந்தால் படகு முறுக்கியிருக்கிறது, அல்லது அடிபட்டு ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது.

உருண்டை அடிப்பாகம் உள்ள படகுக்குப் பெரிய இன்ஜின் போட்டால் வேகம் வருமா?

வராது. உருண்டையான, பின்பக்கம் மேலேறிக் குறுகும் அடிப்பாகம் தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிற வகை. ஓடும்போது படகே ஒரு அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அலையின் நீளமும் படகின் நீர்க்கோட்டு நீளமும் (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) ஒன்றாகும் இடத்தில் படகு தன் அலையின் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடும். அந்த வேகத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43 ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வேகம் வரும். 9 மீட்டர் படகுக்கு 7.3 நாட், அதாவது மணிக்கு சுமார் 13.5 கிலோமீட்டர். அதற்கு மேல் இன்ஜின் போட்டால் பின்பக்கம் அமிழும், முன்பக்கம் தூக்கும், டீசல் கொட்டும். வேகம் அரை நாட் கூடினால் பெரிது.

அந்த வேகத்துக்குள் ஓட்டத் தயாராக இருந்தால் இதுபோலச் சிக்கனமான வடிவம் வேறில்லை. அலையோடு அலையாக ஏறி இறங்கும், அறையாது. சுமை கூடினாலும் நடை பெரிதாக மாறாது. உருளும், அது உண்மைதான். ஆனால் நிதானமாக உருளும். தொலைவில் தங்கி வலை போடுகிறவர்களுக்கும் கனமான சுமையோடு திரும்புகிறவர்களுக்கும் இன்றும் நான் இதைத்தான் சொல்வேன்.

இரட்டை அடிப்பாகம், மூன்று முகடு அடிப்பாகம் எல்லாம் எப்படி?

இரட்டை அடிப்பாகப் படகு நின்றிருக்கும்போது அசையாது, குட்டை அலையில் மெத்தென்று போகும், தளம் விசாலம். அதன் பலவீனம் சுமை. இரண்டு அடிப்பாகங்களும் ஒல்லியானவை, எடை ஏறினால் சீக்கிரம் அமிழும். நடுவில் இருக்கும் தளத்தின் அடிப்புறத்துக்கும் தண்ணீருக்கும் இடைவெளி குறைந்துவிட்டால் ஒவ்வொரு அலையும் அங்கே முட்டும். பழைய இரட்டைப் படகைப் பார்க்கும்போது அந்த நடுத்தளத்தின் அடிப்புறத்தில் விரிசலும் ஒட்டுகளும் இருக்கிறதா என்று படுத்துக்கொண்டாவது பாருங்கள். இருந்தால் அது பல வருடம் அதிகச் சுமையோடு ஓடிய படகு.

முன்பக்கம் மூன்று முகடாகத் தெரியும் படகு நிலையானது, ஆழம் குறைந்த மறைவான தண்ணீருக்கு நல்லது. திறந்த கடலின் எதிரலையில் அறைகிற அறைக்குப் பல் ஆடும்.

நான் பிடிக்கும் முறைக்கும் வடிவத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. செவுள் வலையைப் பக்கவாட்டில் கையால் இழுக்கிறீர்கள் என்றால், இரண்டு மூன்று பேர் ஒரே ஓரத்தில் நிற்பார்கள், வலையின் எடையும் அதே பக்கம் இழுக்கும். அகலம் வேண்டும், பக்கச்சுவர் இடுப்பு வரை ஏறாமல் குனிந்து இழுக்கத் தோதாக இருக்க வேண்டும். அதே சமயம் அந்தத் தாழ்ந்த பக்கம் சாயும்போது தண்ணீரை அள்ளக்கூடாது. வலை இழுக்கும் உருளை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்திலிருந்துதான் இழுவிசை படகைச் சாய்க்கும். யாராவது பிற்பாடு உயரமான சட்டம் அடித்து உருளை மாட்டியிருந்தால், அது இல்லாமல் வடிவமைத்த படகு அது என்பதை நினைவில் வையுங்கள்.

இழுவலைக்கு வேகம் தேவையில்லை, இழுக்கும் பலமும் தண்ணீரைத் தள்ளும் பெரிய விசிறியும் (புரொப்பல்லர்) அதற்கு இடம் தருகிற ஆழமான பின்பகுதியும் தேவை. ஓடிக்கொண்டே தூண்டில் இழுக்கிறவருக்கு மெதுவேகத்தில் நேராக ஓடும் படகு வேண்டும். தெளிவான ஏரா (அடியில் நடுக்கோட்டில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) உள்ள படகு அதைச் செய்யும், வழவழப்பான தட்டை அடிப்பாகம் காற்றுக்குப் பக்கவாட்டில் நழுவும்.

அடிப்பாகம் வளைந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வேகப் படகுகளில் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. பின்பலகையிலிருந்து முன்னோக்கி இரண்டு மீட்டர் தூரம் அடிப்பாகம் நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு நூலை இழுத்துக் கட்டியோ நீண்ட அலுமினியச் சட்டத்தை ஒட்டிவைத்தோ பாருங்கள், ஏராவுக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக.

நடுவில் இடைவெளி தெரிந்தால் அடிப்பாகம் உள்வாங்கியிருக்கிறது, பின்விளிம்பு கீழே இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட படகு ஓடும்போது முன்பக்கத்தைத் தண்ணீருக்குள் அழுத்தும், சாரல் அடிக்கும், வேகம் போகாது. சட்டம் நடுவில் முட்டி இரண்டு முனையும் எழுந்து நின்றால் அடிப்பாகம் வெளியே பிதுங்கியிருக்கிறது. அந்தப் படகு ஓடும்போது முன்பக்கம் எழுந்து விழுந்து எழுந்து விழுந்து குதித்துக்கொண்டே போகும்.

இது பிறவிக் கோளாறாகவும் இருக்கலாம், வளர்ப்புக் கோளாறாகவும் இருக்கலாம். பைபர் படகைச் சரியாகத் தாங்காத டிரெய்லரிலோ இரண்டே கட்டைகளின் மேலோ வருடக்கணக்கில் நிறுத்தினால், எடை தாங்காத இடம் மெல்ல இறங்கிவிடும். இன்ஜின் தொங்கும் பின்பலகைக்கு அடியில் முட்டு இல்லாமல் நிற்கும் படகைக் கண்டால் நூலை எடுத்துவிடுங்கள். சில மில்லிமீட்டர் வளைவு மெதுவாக ஓடும் படகில் பொருட்டில்லை. வேகப் படகில் அதுவே நடையை மாற்றிவிடும்.

பைபர் படகில் பின்பலகை உளுத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பைபர் படகுகள் பலவற்றில் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். வெளியே பைபர் பளபளக்க, உள்ளே கட்டை ஊறிப் போயிருக்கலாம். தண்ணீர் நுழைவது பெரும்பாலும் திருகு ஓட்டைகள் வழியாகத்தான். மீன் தேடும் கருவியின் உணர்வியை மாட்டிய ஓட்டை, ஏணி மாட்டிய ஓட்டை, யாரோ மாட்டிக் கழற்றிவிட்டு மூடாமல் விட்ட ஓட்டை.

ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியலோ நாணயமோ போதும். பின்பலகையின் மேல் மூலையில் தட்டத் தொடங்குங்கள். உறுதியான இடம் ‘டக்’ என்று கூர்மையாகச் சொல்லும். அப்படியே கீழே இறங்கி, இன்ஜின் போல்ட்டுகளைச் சுற்றி, அடியில் தண்ணீர் வடிக்கும் ஓட்டையைச் சுற்றித் தட்டுங்கள். ‘பொத்’ என்று சத்தம் அமுங்குகிற இடம் வந்தால் பென்சிலால் கோடு போடுங்கள். கோடுகளைச் சேர்த்தால் ஊறிய பகுதியின் எல்லை கண்முன் வந்துவிடும். பிறகு விற்பவரின் அனுமதியோடு நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள ஒரு திருகைக் கழற்றச் சொல்லுங்கள். திருகு துருவோடு ஈரமாக வந்து, ஓட்டையிலிருந்து பழுப்பு நீர் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் மேலே பேச எதுவுமில்லை, உள்ளே கட்டை அழுகியிருக்கிறது.

கடைசியாக, அவுட்போர்டு இன்ஜினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்ஜினோடு பின்பலகையும் அசைந்தாலோ, பின்பலகையும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் திறந்து மூடினாலோ, முழுப் பின்பலகையையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அதைச் செய்யக்கூடிய கைகாரர் பக்கத்தில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

தளத்திலும் இதே வேலையைக் குதிகாலால் செய்யலாம். நடக்கும்போது மெத்தென்று இறங்கும் இடம் தளத்தின் கோளாறு மட்டும்தானா, அடியில் ஓடும் நீளச் சட்டங்களும் போய்விட்டனவா என்பதுதான் கேள்வி. தளத்தை மாற்றலாம். நீளச் சட்டங்கள் விட்டுப்போனால் அடிப்பாகம் அலையில் நெளியும், கட்டிய வடிவம் ஓடும்போது இருக்காது.

கொப்புளம், விரிசல் இருந்தால்?

அங்கங்கே சில கொப்புளம் என்றால் பயப்பட வேண்டாம். பல வருடம் தண்ணீரிலேயே கிடந்த பாலியெஸ்டர் ரெசின் படகில் அது சகஜம், தேய்த்துக் காயவைத்துப் பூசிவிடலாம். அடிப்பாகம் முழுக்க நெருக்கமாக, நாணயத்தைவிடப் பெரிதாக இருந்தால் வேலை பெரிது. கொப்புளத்தைக் குத்திப் பார்ப்பதாக இருந்தால் கண்ணாடி அணியுங்கள், உள்ளே அழுத்தத்தோடு இருக்கும் அமிலத் திரவம் கண்ணில் தெறிக்கும்.

விரிசலில் திசையைப் பாருங்கள். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரமாகப் பரவினால் ஏதோ இடித்திருக்கிறது. உள்ளே சட்டம் ஓடும் கோட்டை ஒட்டி வரிசையாக இருந்தால் அந்த இடத்தில் அடிப்பாகம் மடங்கி மடங்கி நிமிர்கிறது என்று பொருள். முதலாவதைப் பழுதுபார்க்கலாம். இரண்டாவது என்னைப் பொறுத்தவரை வேண்டாம் என்பதற்குப் போதுமான காரணம்.

மரப்படகு, அலுமினியப் படகு?

மரத்தை உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கும். அதனால் நீர்க்கோட்டுக்கு மேலே, தளமும் பக்கமும் சேரும் மூலைகளில், காற்றுப் போகாத அணியத்துக்குள்ளே (படகின் முன்முனை) முதலில் தேடுங்கள். குத்தூசியால் லேசாக அழுத்தினாலே இறங்குகிற மரம் போய்விட்டது. தண்ணீருக்குக் கீழே ஏராவை ஒட்டிய முதல் பலகையைப் பாருங்கள். கடற்புழு நுழைந்த துளை வெளியே குண்டூசி அளவுதான் இருக்கும், உள்ளே விரல் போகும் சுரங்கம் ஓடியிருக்கும். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பக்கவாட்டில் பார்த்தால், முன்னும் பின்னும் தொங்கி நடு எழுந்த படகா என்று தெரியும். அப்படித் தொங்கிவிட்ட ஏராவை நிமிர்த்துவது அநேகமாக நடக்காத காரியம்.

அலுமினியத்தில் ரிவெட்டும் வெல்டிங்கும்தான் பேசும். கரையில் இருக்கும் படகின் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வெளியே எந்த ரிவெட்டில் கசிகிறது என்று பார்ப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. செம்பு, பித்தளை சாமான் அலுமினியத்தை நேராகத் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடியும் குழியும் இருக்கும். செம்பு கலந்த அடிப் பூச்சு பூசியிருந்தால் குழிகளை இன்னும் கவனமாகத் தேடுங்கள்.

வடிவம் சரி, படகும் உறுதி. ஆனால் மந்தமாக ஓடுகிறது. ஏன்?

பெரும்பாலும் எடை. ஒரு அடிப்பாகம் குறிப்பிட்ட எடைக்காக வரையப்பட்டது. அந்த எடையைத் தாண்டினால் அதன் குணமே மாறிவிடும். பழைய படகுக்கு எடை பல வழிகளில் ஏறும். ஒவ்வொரு உரிமையாளரும் ஒரு சட்டம், ஒரு பெட்டி, ஒரு கூரை சேர்த்திருப்பார். பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைக் கழற்றிவிட்டு அதைவிடக் கனமான ஃபோர்-ஸ்ட்ரோக் மாட்டியிருப்பார். எல்லாவற்றையும் விட மோசம், தளத்துக்கு அடியில் மிதவைக்காக அடைத்த நுரை ஊறிப் போயிருப்பது. 100 லிட்டர் இடத்தில் இருக்கும் நுரை முழுக்க ஊறினால் ஏறக்குறைய 100 கிலோ தண்ணீரை நிரந்தரமாகச் சுமக்கிறீர்கள்.

படகைத் தண்ணீரில் விட்டு, பழைய அழுக்குக் கோட்டையும் இப்போது மிதக்கும் கோட்டையும் பூச்சின் கோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பூச்சின் கோடு சமீபத்தில் மேலே தூக்கிப் பூசப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். எடை மேடை கிடைத்தால் டிரெய்லரோடு ஏற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது.

தானாகத் தண்ணீர் வடியும் தளம் உள்ள படகில் இன்னொரு சோதனை உண்டு. உங்களோடு வழக்கமாக வரும் ஆட்கள் எல்லோரையும் பின்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். வடிகால் ஓட்டை வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே வந்து காலை நனைக்கிறதா? நனைத்தால் அந்தப் படகு இப்போதே அதிகம் அமிழ்ந்திருக்கிறது. மீனும் ஐஸும் ஏறிய பிறகு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தளத்தில் நிற்கும் தண்ணீர், படகு சாயும் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். அலையில் படகுகள் கவிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கவிழாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழு உறுதி நிபுணரின் கணக்கில்தான் கிடைக்கும். ஆனாலும் தளம் போட்ட படகுக்கு ஒரு எளிய உருளல் சோதனை இருக்கிறது. அமைதியான தண்ணீரில், கயிறுகளைத் தளர்த்திவிட்டு, படகை ஓரத்திலிருந்து தாளத்தோடு அழுத்தி உருளவிடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வர எத்தனை வினாடி? நான்கைந்து உருளலைச் சேர்த்து அளந்து சராசரி எடுங்கள். எரிபொருள், ஐஸ், வலை எல்லாம் ஏற்றிய நிலையில் அந்த வினாடி எண்ணிக்கை, மீட்டரில் உள்ள படகின் அகலத்தைவிடக் குறைவாக இருந்தால் தொடக்க உறுதி போதுமானதாக இருக்க வாய்ப்பு அதிகம். 3.5 மீட்டர் அகலப் படகு 3 வினாடியில் திரும்பினால் நல்லது. 5 வினாடி எடுத்து, ஓரத்தில் போய்த் தயங்கி நின்று திரும்பினால் மேலே எடை அதிகம். மெதுவாக உருளும் படகு பயணத்துக்குச் சுகமாக இருக்கும், அதனாலேயே வாங்குகிறவர் ஏமாந்துபோகலாம்.

எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும்?

தண்ணீர் மேல் எழுந்து ஓடும் படகுக்குத் தோராயமாக, ஏறிய மொத்த எடையில் 20 கிலோவுக்கு 1 குதிரைத்திறன். 1,200 கிலோ என்றால் 60. ஆழமான வி என்றால் இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும். விலக்கி ஓடும் உருண்டைப் படகுக்கு இதில் சிறு பகுதி போதும். கட்டியவர் ஒட்டிய தகட்டில் அதிகபட்சத் திறன் எழுதியிருந்தால் அதைத் தாண்டிய இன்ஜினோடு வரும் படகு வேண்டாம். பின்பலகை எவ்வளவு உதை வாங்கியிருக்கும் என்று தெரியாது.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும்?

காற்றில்லாத காலையில் கூப்பிட்டால் போகாதீர்கள். கொஞ்சம் அலை இருக்கும் நேரத்தைக் கேளுங்கள். டேங்க் நிறைந்திருக்கட்டும், வலைக்கும் மீனுக்கும் பதிலாக ஆட்களோ மணல் மூட்டைகளோ ஏறட்டும். எதிரலையில் உங்கள் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள், அறை எப்படி இருக்கிறது என்று முட்டியே சொல்லும். பிறகு பக்க அலையில் ஓட்டுங்கள். சாரல் எங்கே விழுகிறது, நீங்கள் நிற்கும் இடத்திலா?

அப்புறம் பின்னலை. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் முக்கியம். ஆழமான கூர்மையான அணியமும் அகலத் தட்டையான பின்பக்கமும் உள்ள படகை, பின்னாலிருந்து வரும் அலை தூக்கித் தள்ளும்போது அணியம் முன்னால் உள்ள அலையில் குத்திக்கொள்ளும். பின்பக்கம் அதைச் சுற்றிக்கொண்டு வரும். படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். முகத்துவாரத்தில் சுமையோடு நுழையும்போது இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. ஓட்டிப் பார்க்கும்போது பின்னலையில் சுக்கானோடு விடாமல் போராட வேண்டியிருந்தால் அந்தப் படகு எனக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

கடைசியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, கால் மணி நேரம் சும்மா மிதக்கவிடுங்கள். நீங்கள் மீன் பிடிக்கப்போகும் இடத்தில் நின்று, குனிந்து, வலையை இழுப்பது போல இழுத்துப் பாருங்கள். திரும்பி வந்ததும் அடித்தளத்தைத் திறந்து, கிளம்பும்போது காய்ந்திருந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

நீளத்தைக் கூட்டிய படகு, அடிப்பாகத்தை மாற்றிய படகு வாங்கலாமா?

யார் செய்தார், எந்த வரைபடத்தை வைத்துச் செய்தார் என்று காட்டினால் யோசிக்கலாம். நடுவில் வெட்டி நீட்டிய படகில் ஒட்டு விழுந்த இடத்தில்தான் மிக அதிகமான இழுவிசை வரும். உள்ளே நீளச் சட்டங்கள் ஒட்டைத் தாண்டித் தொடர்ச்சியாக ஓடுகின்றனவா என்று பார்க்க முடியாவிட்டால் வேண்டாம்.

புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நல்ல அறிகுறியா?

விற்பதற்கு முன் அடித்த பெயின்ட் எதையும் சொல்லாது, மறைக்க மட்டும் செய்யும். பக்கச்சுவரில் கண்ணை ஒட்டிவைத்து நீளவாக்கில் பாருங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒட்டுப்போட்ட இடம் மேடு பள்ளமாகத் தெரிந்துவிடும். உள்ளே பெயின்ட் படாத இடங்களில் அதே இடத்தின் பின்புறத்தையும் பாருங்கள்.

நிபுணர் தேவையா? காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

தளம் போட்ட படகு என்றால் கட்டாயம் தேவை. விற்பவர் சிபாரிசு செய்யாத ஒருவரை நீங்களே அமர்த்துங்கள், படகு தண்ணீரை விட்டு வெளியே நிற்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். ஈரம் அளக்கும் கருவி கொண்டுவந்தால், கரையேற்றிய அன்றே அளந்த கணக்கை நம்ப வேண்டாம். அடிப்பாகம் சில நாட்கள் காயட்டும். சிறிய திறந்த படகுக்கு, மேலே சொன்னதையெல்லாம் நீங்களே செய்தால் பெரும்பகுதி தெரிந்துவிடும். கூட ஒரு படகு கட்டும் ஆசாரியை அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

காகிதத்தில் உள்ள படகு எண்ணும், பல படகுகளில் பின்பலகையின் வலது மேல் மூலையில் பதித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சுரண்டப்பட்டிருந்தாலோ பைபர் பூசி மூடியிருந்தாலோ முன்பணம் கொடுக்காதீர்கள். பதிவில் உள்ள நீளம், அகலம், இன்ஜின் திறன் ஆகியவற்றை டேப் வைத்து நேரில் சரிபாருங்கள். நீளம் ஒத்துப்போகவில்லை என்றால், வெட்டி நீட்டிய படகு பற்றிய கேள்விக்குத் திரும்பிப் போங்கள்.